தலைக்குள்ள ஒரு அலுமாரி

“என்ன புள்ள, வாய்க்குப் பூட்டா? வாப்பா என்ன சொன்னாருன்னு செல்லு.”

சாச்சா திரைச்சீலையப் பாத்து அதட்டினாரு. றஸ்மியா திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்னா. காது ரெண்டும் கொதிக்குது, உள்ளங்கால் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கு. அந்தப் பக்கம், கூடத்துல, பாய் விரிச்சு ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க. நாலந்தாவுல புடவைக்கடை வச்சிருக்கிற ஜைனுதீன் ஹாஜியார், அவரு மகன் நுஹ்மான், பள்ளிவாசல் லெப்பை, வாப்பாட தம்பி அப்துல் ஸமத் சாச்சா. எல்லாருக்கும் நடுவுல சாய்மனைக் கதிரையில வாப்பா.

லெப்பை இப்பத்தான் கேட்டு முடிச்சிருந்தாரு. “லாபிர் முதலாளி, உங்கட மகள் றஸ்மியாவ ஹாஜியார்ட மகன் நுஹ்மானுக்கு முடிச்சுக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா?” வாப்பா கொஞ்ச நேரம் எதையோ மென்னுக்கிட்டே இருந்தாரு. வாயில ஒன்னும் இல்ல. அப்புறம் கோணின வாயத் திறந்து, எச்சில் ஒழுக ஒழுக, ஒரு பேச்சு பேசினாரு. பேசினது தமிழ் இல்ல, சிங்களம். அதுவும் மாவு பிசைஞ்ச மாதிரி குழைஞ்சு போன சிங்களம்.

சிங்களம் தெரிஞ்சவங்க அந்தக் கூடத்துல இல்லாம இல்ல. ஹாஜியார் நாள் முழுக்கச் சிங்களத்துல தான் சேலை விக்கிறாரு. ஆனா சிங்களம் தெரிஞ்சவங்களுக்கு வாப்பாட வாய் விளங்காது. வாய் விளங்குற உம்மாவுக்குச் சிங்களம் விளங்காது. ரெண்டும் விளங்குற ஒரே ஆளு றஸ்மியா. எந்தப் புள்ளையக் குடுக்கலாமா வேணாமான்னு பேசுறாங்களோ, அந்தப் புள்ளையே தான் பதிலையும் தமிழ்ப்படுத்திச் சொல்லணும்.

வாப்பா பேசினது அவளுக்கு ஒரு சொல்லு விடாம விளங்கிச்சு. பயமே அதுல தான்.

இந்தக் கூத்து தொடங்கினது மொளகுக் காலத்துல. அலுவிகாரையில, பெரிய ரோட்டோரமா வாப்பாட கடை. மொளகு, கொக்கோ, கராம்பு, சாதிக்காய்னு சுத்துப்பட்டுக் கிராமத்து ஆக்கள் கொண்டு வாறதை வாங்கிக் காயப்போட்டு, கொழும்புக்கு லொறியில ஏத்துவாரு. மொளகு பாக்கிறதுல அவர அடிக்க ஆள் இல்லன்னு ஊரே சொல்லும். கையில அள்ளிக் குலுக்கி, காதுகிட்ட வச்சுக் கேட்டுட்டு, ‘இது நேத்துத் தான் பாயில போட்டது, இன்னும் தண்ணி குடிச்சுக்கிட்டு ஈக்குது’ன்னு சொல்லுவாரு. ஒத்த மணியப் பல்லுல கடிப்பாரு. நொறுங்கினா ‘ஹொந்தய்’, நல்லது. நசுங்கினா ‘தாம அமுயி’, இன்னும் பச்சை. கிராமத்து ஆக்களோட அவரு பேசுற சிங்களம் மொத்தமும் இப்படித் தான். விலை, ஈரம், வெயில், நாளைக்கு வா. அதுக்கு மேல அந்த பாஷையில அவரு யாரோடயும் சண்டையும் போட்டதில்ல, சிரிச்சுப் பேசினதும் இல்ல.

அன்னைக்குக் காலம்பற பக்கத்து ஊட்டுச் சந்திரகாந்தா மொளகு கொண்டு வந்தா. வாப்பா ஒரு பிடி அள்ளினாரு. அள்ளின கை அப்படியே தொங்கிருச்சு. மொளகு மட்டும் தரையில ஓடிச்சு. அவரு தராசத் தழுவிக்கிட்டே கீழ உக்காந்துட்டாரு.

மாத்தளை ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப, வலக்கை வலக்கால் செத்துப் போயிருந்துச்சு. வாய் கோணிருந்துச்சு. உம்மா கட்டில்கிட்ட உக்காந்து, “இந்தாங்க, என்னத் தெரியுதா?”ன்னு கேட்டா. வாப்பா மூஞ்சில ஒரு மாத்தமும் இல்ல. தெரியாத ஊரு பஸ்ஸில ஏறிட்ட ஆளு கண்டக்டரப் பாக்கிற மாதிரி பாத்தாரு. அந்த நேரம் தாதி வந்து சிங்களத்துல ஏதோ கேட்டா. வாப்பா மூஞ்சி தெளிஞ்சிருச்சு. “கீயத?”ன்னு திருப்பிக் கேட்டாரு. எவ்வளவுன்னு.

டாக்டர் இளவயசு. அவரு படம் போட்ட அட்டைகளக் கொண்டு வந்து ஒவ்வொன்னா வாப்பாட மூஞ்சிக்கு நேரா பிடிச்சாரு. கோப்பையக் காட்டினா வாப்பா தேத்தண்ணின்னு சிங்களத்துல சொன்னாரு. குடையக் காட்டினா மழைன்னாரு. மாட்டக் காட்டினாரு டாக்டர். வாப்பா அத நல்லா உத்துப் பாத்துட்டு, “தாம அமுயி”ன்னாரு. அடுத்தது சிங்கம் வாள் பிடிச்சுக்கிட்டு நிக்கிற கொடி. வாப்பா அதையும் பாத்துட்டு, “கீயத?”ன்னாரு. கட்டில் துடைச்சுக்கிட்டிருந்த அட்டெண்டன் துடைக்கிறத நிப்பாட்டிட்டு வெளிய ஓடிட்டான். வராந்தாவுல அவன் சிரிக்கிறது உள்ள கேட்டுச்சு.

டாக்டர் இங்கிலீஸ்ல விளக்கம் சொன்னாரு. பார்க்கிறது தலையில ஒரு இடம், பேர் சொல்றது வேற இடம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாதை இருக்கு, அதுல ரத்தம் அடைச்சிருச்சு. ஒவ்வொரு பாஷையும் தலைக்குள்ள ஒரு அலுமாரி மாதிரி. இவருக்குத் தமிழ் அலுமாரி பூட்டிப் போச்சு, சாவி எங்க விழுந்துச்சுன்னு தெரியல. சிங்கள அலுமாரி பாதி திறந்து கெடக்கு. கண்ணுல வலப் பக்கத்துப் பாதியும் இருட்டு. இதை ஒரு பெரிய தாதி சிங்களத்துல றஸ்மியாவுக்குச் சொன்னா. றஸ்மியா அழுதுக்கிட்டே தமிழ்ல உம்மாவுக்குச் சொன்னா. உம்மா வராந்தாவுல நின்ன சொந்தக்காரங்களுக்குச் சொன்னா. பின்னேரம் அலுவிகாரைக்கு வந்து சேர்ந்த செய்தி, லாபிர் முதலாளிட தலையில அலுமாரி விழுந்துட்டுங்கிறது.

சாச்சா ஊட்டுக்குப் போயி அலுமாரியத் தட்டிப் பாத்துட்டு வந்தாரு. “மய்னி, அது செவரோட செவரா அப்படியே ஈக்குது. ஒரு கீறல் இல்ல. டாக்டர் பொய் செல்றாரு.”

உம்மா சொன்னா, “எனக்கும் அப்பவே சந்தேகம் தான் தம்பி. அவரு கடையில தானே விழுந்தாரு. கடையில ஏது அலுமாரி.”

ஊட்டுக்குக் கொண்டு வந்த பொறகு வாப்பாவோட இருக்கப் பழக வேண்டியிருந்துச்சு. தட்டுல சோறு போட்டுக் குடுத்தா, இடப் பக்கத்துச் சோத்த மட்டும் தின்னுட்டு, இன்னும் பசிக்குதுன்னு மூஞ்சியத் தூக்கிப் பாப்பாரு. தட்டத் திருப்பி வச்சா மிச்சத்தையும் திம்பாரு. வலப் பக்கமா போயி நின்னா அவருக்கு நாம இல்ல. இடப் பக்கம் வந்தா, நாம ஆகாசத்துல இருந்து குதிச்ச மாதிரி திடுக்கிடுவாரு. றஸ்மியா இதை ரெண்டு மூணு நாளுல பிடிச்சுக்கிட்டா. உம்மா பிடிக்கல. வலப் பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டே, “ஒரு வார்த்த பேசுங்களேன்”ன்னு கெஞ்சுவா.

ஒரு நாள் உம்மா கஞ்சிக் கோப்பையோட தற்செயலா இடப் பக்கம் வந்துட்டா. வாப்பா அவளப் பாத்து, “நோனா”ன்னாரு.

உம்மா கோப்பையக் கீழ வச்சுட்டா. ஏன்னா உம்மாட பேரே நோனா. சித்தி நோனா. கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து வாப்பா அவளப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ‘இந்தா’, ‘கேக்குதா’, ‘புள்ளேட உம்மா’, அவ்வளவு தான். உம்மா அடுப்படிக்குள்ள போயி முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதா. “அல்லாஹ் ஒரு அலுமாரியப் பூட்டினா இன்னொன்னத் திறக்கிறான் புள்ள,”ன்னா.

சிங்களத்துல நோனான்னா அம்மணின்னு அர்த்தம். கடைக்கு வாற எல்லாப் பொம்பளையையும் வாப்பா அப்படித் தான் கூப்பிடுவாரு. ஆஸ்பத்திரியில தாதியையும் அப்படித் தான் கூப்பிட்டாரு. றஸ்மியாவுக்கு அது நல்லா தெரியும். ஆனா உம்மா அன்னைக்குப் பொறகு தலை வாரிப் பூ வச்சுக்கிட்டுத் தான் கஞ்சி கொண்டு போறா. அத எப்படிப் போயி உடைக்கிறது?

உம்மா மட்டும் இல்ல, ஊருல எவனும் வாப்பா சொல்றத சும்மா விடல. ஆளாளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஜின் ஓட்டுற ஒரு பெரியவரு வந்தாரு. அரபுல ஓதி, தமிழ்ல அதட்டி, “நீ யாரு, எங்கருந்து வந்த?”ன்னு ஜின்னக் கேட்டாரு. வாப்பா “கீயத?”ன்னாரு. பெரியவரு, இது யாவார ஜின்னு, நம்மளால பேசிக் கட்டாதுன்னு எழும்பிப் போயிட்டாரு.

அடுத்தது நகரசபை மெம்பர் ஒருத்தரு, வெத்தலைக் கட்டோட வந்தாரு. அப்ப சிங்களம் மட்டும்னு சட்டம் வந்து நாலஞ்சு வருஷம். ஒரு முஸ்லிம் முதலாளி மத்த பாஷைய அடியோட மறந்துட்டு, அரச பாஷைய மட்டும் வச்சிருக்காருன்னு கேள்விப்பட்டு அவருக்கு உச்சி குளிர்ந்து போச்சு. வெத்தலைய நீட்டி, “நீங்க தான் முழு நாட்டுக்கும் முன்மாதிரி”ன்னாரு. வாப்பா இடக்கையால வெத்தலையத் தடவிப் பாத்துட்டு, “தெதயி”ன்னாரு. ஈரம்னு அர்த்தம். கிராமத்து ஆளு வெத்தலையத் தண்ணி தெளிச்சுத் தானே கட்டுவான். மெம்பர் வெளிய வந்து, சந்தோஷத்துல முதலாளிக்குக் கண்ணு ஈரமாயிட்டாம்னு சொல்லிக்கிட்டே போனாரு.

சாச்சாட கதை வேற. சாச்சா அரசாங்கக் கச்சேரியில கிளார்க். சிங்களம் வாயால பொரிஞ்சு தள்ளுவாரு. அரசாங்கச் சிங்களப் பரீட்சையில எழுதச் சொன்னா, அங்க ரெண்டு ‘ன’ இருக்கு, ரெண்டு ‘ல’ இருக்கு, எது எங்க வரும்னு தெரியாம வழுக்கி விழுந்துருவாரு. பாஸாகாட்டி சம்பளம் ஏறாது, மேல போகவும் ஏலாது. அவரு ஆஸ்பத்திரிக்கே போயி, அண்ணனப் பாத்த டாக்டர்கிட்ட கேட்டிருக்காரு.

“தொர, எங்கட நானாவுக்கு வந்தது பேச்சுக்கு மட்டுமா, எழுத்துக்கும் சேத்தா?”

“ஏன் கேக்குறீங்க?”

“இல்ல, வீட்டுல எல்லாருக்கும் வாற வருத்தமான்னு பாத்தேன். எனக்கும் கொஞ்சம் லேசா வந்தா நல்லம்.”

டாக்டர் அவரோட ரத்த அழுத்தத்தப் பாத்து அனுப்பிட்டாராம்.

இந்தச் சாச்சா தான் கல்யாணப் பேச்சையும் தலையில போட்டுக்கிட்டாரு. வாப்பா நல்லா இருக்கிறப்பவே ஜைனுதீன் ஹாஜியார் ஒரு தடவ வந்து கேட்டிருந்தாரு. வாப்பா “பாப்போம்”னாரு. யாவாரிட ‘பாப்போம்’ல ஆமும் இல்ல, இல்லையும் இல்ல. இப்ப சாச்சா உம்மாகிட்ட வந்து, “மய்னி, நானாட வாய் இன்னும் உயிரோட ஈக்குது. அதுவும் போறதுக்கு முந்தி புள்ளேட காரியத்த முடிச்சுருவோம். வாப்பா உள்ளப்ப அவரு சம்மதம் தானே வேணும்,”ன்னாரு. உம்மாவுக்கும் சரின்னு பட்டுச்சு.

றஸ்மியாவுக்குப் பதினஞ்சு வயசு. டிசம்பர்ல எஸ்.எஸ்.சி. பரீட்ச. கணக்கு டீச்சர், நீ டீச்சராகலாம் புள்ள, பயிற்சிக் கலாசாலைக்கு எழுதிப் போடலாம்னு சொல்லிருந்தாங்க. நுஹ்மானுக்கு அவள விட ரெட்டிப்பு வயசு. ஆளு கெட்டவருன்னு யாரும் சொல்லல. நல்லவருன்னு சொன்னவங்க எல்லாரும் அவரு கடையில துணி எடுக்கிறவங்க. அவ அவரப் பாத்ததே ஒரு தடவ தான், அதுவும் குடையைத் தான் முழுசாப் பாத்தா.

“உம்மா, பரீட்ச முடியட்டும்.”

“பரீட்ச எழுதிட்டு என்ன, கச்சேரியில ஒக்காந்து சாச்சா மாதிரி பெயிலாகப் போறியா?”

றஸ்மியா கணக்குப் புத்தகத்தத் திறந்து வச்சுக்கிட்டா.

அந்த நாளும் வந்துச்சு. ஆம்பளைங்க கூட்டத்துக்கு நடுவுல கல்யாணப் பொண்ணு போயி நிக்க ஏலுமான்னு ஒரு பிரச்சினை. நிக்காட்டி வாப்பா சொல்றத யாரு சொல்றதுன்னு இன்னொரு பிரச்சினை. லெப்பை தாடியத் தடவி ஒரு வழி சொன்னாரு: புள்ள திரைச்சீலைக்குப் பின்னால நிக்கட்டும், குரல் மட்டும் வரட்டும். சம்மதம் எந்த பாஷையில சொன்னாலும் செல்லும். படைச்சவனுக்கு எல்லா பாஷையும் தெரியும், எங்களுக்குத் தான் யாராச்சும் எடுத்துச் சொல்லணும்.

திரைச்சீலை வாப்பாட கதிரைக்கு வலப் பக்கம். றஸ்மியா அத அப்பவே கவனிச்சா, ஆனா சொல்லல. கதிரைக்கு இடப் பக்கம் ஒரு சின்ன முக்காலி. அதுல சந்திரகாந்தா காலம்பற வச்சுட்டுப் போன சுளகு, சுளகு நிறைய மொளகு. மொளகக் கிட்ட வச்சா வாப்பா அமைதியா இருப்பாருன்னு சந்திரகாந்தா தான் கண்டு பிடிச்சா. புள்ளைங்க பொம்மையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குற மாதிரி, அவரு இடக்கைய மொளகுக்குள்ள விட்டுத் துழாவிக்கிட்டே இருப்பாரு.

லெப்பை கேள்விய சிங்களத்துலயும் ஒரு தடவ கேட்டாரு. அவரு சிங்களம் பள்ளிவாசல் தூண் மாதிரி, நேரா நிக்கும், வளையாது. வாப்பா மொளகத் துழாவிக்கிட்டே கேட்டாரு. அப்புறம் தான் அந்தப் பேச்சு.

“தாம அமுயி. தவ அவ்வ ஓனே. பஸ்ஸே கேன்ன.”

இன்னும் பதத்துக்கு வரல. இன்னும் வெயில் வேணும். பொறகு கொண்டு வாங்க.

திரைச்சீலைக்குப் பின்னால றஸ்மியா மாட்டிக்கிட்டு நின்னது இதுக்குத் தான். அவரு எதைச் சொன்னாருன்னு அந்தப் பேச்சுல இல்ல. மொளகுன்னும் இல்ல, மகள்னும் இல்ல. சிங்களத்துல அப்படிச் சும்மா சொல்லலாம். கையில மொளகு இருக்கிற ஆளு எதைச் சொல்லுவாரு? பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

“புள்ள, லெப்பை காத்துக்கிட்டு ஈக்காரு,” சாச்சா எழும்பிட்டாரு.

அமுயின்னா தமிழ்ல என்ன? றஸ்மியாட தலைக்குள்ள ரெண்டு சொல்லு ஒன்ன ஒன்னு தள்ளிக்கிட்டு வந்துச்சு. ஒன்னு, ‘காயல்ல’. அத எடுத்தா அது மொளகு, எல்லாரும் சிரிப்பாங்க, லெப்பை மறுபடியும் கேப்பாரு, அடுத்த தடவ வாப்பா ‘ஹொந்தய்’னு சொல்லித் தொலைச்சாருன்னா கதை முடிஞ்சுது, டிசம்பர்ல அவ நாலந்தாவுல சோறாக்கிக்கிட்டு இருப்பா. இன்னொன்னு ‘பச்சை’. அதுவும் சரியான தமிழ் தான். அதுலயும் பொய் இல்ல.

“இன்னும் பச்சையாம்,”னா.

கூடத்துல எல்லாரும் திரைச்சீலையப் பாத்துத் திரும்பினாங்க.

“இன்னும் வெயில் வேணுமாம். பொறகு கொண்டு வரட்டாம்.”

ஹாஜியார் மகனத் திரும்பிப் பாத்தாரு. “யாரு பச்சை? எங்கட மகனையா செல்றாரு?”

நுஹ்மான் மீசையத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

“இல்ல ஹாஜியார், பச்சப் புள்ளன்னு செல்றாரு,” லெப்பை முன்னால நகர்ந்து உக்காந்தாரு. “புள்ளைக்குப் பதினஞ்சு தானே. தகப்பன் மனசு. வெயில் வேணும்னா என்ன, உலகத்துல நாலு வெயில் மழை கண்டு பக்குவமாகட்டும்ங்கிறாரு. இந்தப் பேச்சப் பொறகு கொண்டு வாங்கன்னு மரியாதையாவும் சொல்லிட்டாரு. சுபுஹானல்லாஹ், நான் மிம்பர்ல நின்னு அரை மணித்தியாலம் பேசினாலும் இவ்வளவு சுருக்கமா வராது.”

சாச்சாவுக்கு மூஞ்சி தொங்கிருச்சு. “லெப்பை, எங்கட நானா ஒருவேள வேற எதையாச்சும்…”

“வேற எதை?” ஹாஜியார் குறுக்கிட்டாரு. “ஸமத், நான் முந்தி வந்து கேட்டப்ப முதலாளி என்ன சொன்னாரு? பாப்போம்னாரு. நல்லா இருந்தப்ப எனக்கு ஒழுங்கா ஒரு பதில் இல்ல. இன்னைக்குத் தான் மனுசன் நேரா பேசிருக்காரு. அவரு புத்தி முந்தியவிட நல்லா ஈக்குது. நீங்க தான் போயி டாக்டர்கிட்ட காட்டணும்.”

அப்படிச் சொல்லிட்டு அவரு எழும்பி, வாப்பாட நல்ல கையப் பிடிச்சுக் குலுக்கினாரு. கை நிறைய மொளகு இருந்துச்சு. பாயெல்லாம் சிதறிச்சு. நோன்பு கழிச்சு வாறோம்னு சொல்லி, கொண்டு வந்த தொதல் இனிப்பையும் வாழைப்பழத்தையும் வச்சுட்டே போனாங்க. நுஹ்மான் படி இறங்குறப்ப சிரிச்சுக்கிட்டே போன மாதிரி இருந்துச்சு. அவருக்கும் ஒரு மூச்சு வந்திருக்கும் போல.

உம்மா அடுப்படியில உக்காந்து மறுபடியும் அழுதா. “பாத்தியா புள்ள, வாய் போயும் உன்ன நினைச்சுக்கிட்டு ஈக்காரு. நான் தான் அவசரப்பட்டுட்டேன்.”

றஸ்மியா பாயப் பெருக்கினா. மனசுக்கடியில எங்கயோ ஒரு சின்ன சந்தோஷம், தண்ணிக்குள்ள கெடக்கிற சல்லிக்காசு மாதிரி மின்னிச்சு. தப்பிச்சோம். வாப்பா மொளகச் சொன்னாரு, அவங்க என்னன்னு எடுத்துக்கிட்டாங்க, அது அவங்கட பாடு.

பின்னேரம் சந்திரகாந்தா சுளக எடுக்க வந்தா. “முதலாளி பாத்தாரா? என்ன சொன்னாரு?”ன்னு சிங்களத்துல கேட்டா.

“பச்சைன்னாரு.”

சந்திரகாந்தா வாய் பொத்திச் சிரிச்சா. “பாவம், முதலாளிட கை போயிருச்சு. இது போன மாசமே காஞ்சு, பரண்ல கெடந்த மொளகு, புள்ள. சும்மா விளையாட வச்சேன். கடிச்சுப் பாரு.”

றஸ்மியா ஒரு மணிய எடுத்துக் கடிச்சா. டக்னு நொறுங்கிச்சு. காரம் மூக்குல ஏறிச்சு. இன்னொன்னு கடிச்சா. அதுவும் நொறுங்கிச்சு. காலம்பற முழுக்க அந்த மொளகுக்குள்ள தான் வாப்பாட விரல் இருந்துச்சு. குலுக்கிக் கேட்டே நேத்தையது இன்னைக்கையதுன்னு பிரிக்கிற ஆளு. அவரு காஞ்ச மொளகத் தொட்டுக்கிட்டு அதையா பச்சைன்னு சொன்னாரு?

சந்திரகாந்தா போன பொறகும் அவ வாசல்லயே நின்னா, வாயெல்லாம் எரியுது. மொளகு இல்லன்னா, அப்ப அவ தான். அப்ப வாப்பாவுக்கு எல்லாம் விளங்கிருச்சு, கேள்வியும் விளங்கிருச்சு, பூட்டின அலுமாரிக்குள்ள இருந்து அவளுக்காகக் கைய வெளிய நீட்டிருக்காரு. அவ பொய் சொல்லல, உண்மையத் தான் சொல்லிருக்கா, அவளுக்கே தெரியாம. அழுகை வந்துச்சு. ஆனா அவ நின்னது வலப் பக்கம். வாப்பாவுக்கு அந்தப் பக்கம் உலகமே இல்ல. அவரு கண்ணுல அப்ப இருந்தவங்க ஹாஜியாரும், நுஹ்மானும், மொளகும் தான். ஆஸ்பத்திரியில மாட்டக் கண்டும் இதே சொல்லத் தானே சொன்னாரு.

மத்த நாள் விடிஞ்சதும் அவ வாப்பாட இடப் பக்கமா போயி முட்டி போட்டு உக்காந்தா. மொளகு இல்லாத வெறும் முக்காலிய அந்தப் பக்கம் தள்ளி வச்சுட்டா. வாப்பா திடுக்கிட்டு, அப்புறம் அவள உத்துப் பாத்தாரு. அவ மெல்ல, யாரும் கேக்காத மாதிரி, சிங்களத்துல கேட்டா.

“வாப்பா, நேத்து நீங்க பச்சைன்னு சொன்னது யாரை?”

வாப்பா அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. இடக்கையத் தூக்கி, அவ கன்னத்துல விரல வச்சு, மொளகுல துழாவுற மாதிரியே மெல்லத் தடவினாரு. நல்லா இருந்த பாதி வாய் சிரிச்சுச்சு. அந்தப் பக்கத்துக் கண்ணுல இருந்து தண்ணி ஓடிச்சு.

“கீயத?”ன்னாரு வாப்பா.

அவ கையப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா. அடுப்படியில இருந்து உம்மா கேட்டா, “என்னவாம் புள்ள?”

“தேத்தண்ணி வேணுமாம்,”னா றஸ்மியா.

உம்மா தலைய வாரிப் பூ வைக்கிறது அவளுக்குக் கேட்டுச்சு. வளையல் சத்தத்துல தெரிஞ்சுக்கலாம். பொறகு தேத்தண்ணி வந்துச்சு, வாப்பா பாதிக் கோப்பையக் குடிச்சுட்டு மூஞ்சியத் தூக்கினாரு, றஸ்மியா கோப்பையத் திருப்பிப் பிடிச்சா. சாச்சா ஏற்கனவே நாலந்தாவுக்கு ஆள் அனுப்பிட்டாராம், நோன்புப் பெருநாளோட வாங்க, அதுக்குள்ள புள்ளைக்கு நல்லா வெயில் பட்டிருக்கும்னு. அவங்க மறுபடியும் வந்து அதே பாயில உக்காந்து, லெப்பை அதே கேள்வியக் கேட்டு, வாப்பா இந்தத் தடவ ‘ஹொந்தய்’னு சொல்லிட்டாருன்னா, அவ அதத் தமிழ்ல எதைப் பத்திச் சொன்னதுன்னு சொல்லுவா?